வழக்கம்போல காத்து பிடிச்சா போதுமா?

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற சாலையில் பஞ்சர் கடைக்குப் பஞ்சமே கிடையாது. புதுச்சத்திரம், ஆண்டகளூர்கேட், மல்லூர் என்று எந்த ஊரில் வண்டியை ஓரம் கட்டினாலும், நூறடி தூரத்தில் பழைய டயரை அடுக்கி வைத்த ஒரு கடை இருக்கும். லாரி வந்து நிற்கிறது. கடைப் பையன் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறான்.

“எத்தனைங்ண்ணா வெக்கட்டும்?”

“வழக்கம்போல வெய்யி தம்பி.”

அவ்வளவுதான் பேச்சு. பையனும் வைத்துவிடுவான், அண்ணனும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆனால் இந்த ‘வழக்கம்’ யார் போட்டது? பெரும்பாலும் முந்தின டிரைவர் சொன்னது. அவருக்கு அவருடைய குரு சொன்னது. அந்தக் குரு ஓட்டியது நைலான் டயர் மாட்டிய பழைய லாரி. இன்றைக்கு மாட்டியிருப்பது ரேடியல். ஏற்றும் சுமை வேறு, போகும் வேகம் வேறு, சாலையும் அன்றைய இரு வழிச் சாலை அல்ல. காற்றின் அளவு மட்டும் பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

நாமக்கல்லுக்கு இது சின்ன விஷயமல்ல. லாரிக்குப் பாடி கட்டுவதில் இந்த ஊருக்கு இருக்கும் பெயர் ஊரறிந்தது. தென்னிந்தியா முழுக்கச் சமையல் எரிவாயு சுமக்கும் டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கத்துக்குத் தலைமையிடமே நாமக்கல்தான். பக்கத்தில் சங்ககிரி, அதுவும் லாரி ஊர். திருச்செங்கோடு என்றால் போர் போடும் ரிக் வண்டி. முட்டை லாரி, தீவன லாரி என்று கோழிப்பண்ணைகளை நம்பி ஓடுவது தனிக் கணக்கு. இந்தப் பக்கத்து எத்தனையோ வீடுகளில் பையனின் காலேஜ் ஃபீஸும் பெண்ணின் கல்யாணச் செலவும் டயர் மேல்தான் உருண்டு வருகின்றன.

சுமையை எது தாங்குகிறது என்று கேட்டால், நம்மில் பலரும் டயர் என்றுதான் சொல்வோம். உண்மையில் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. ஒரு சின்னக் கணக்கு. லாரியின் ஒரு பின் டயர் மேல் 2,700 கிலோ இறங்குகிறது, உள்ளே 110 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது என்று வையுங்கள். 110 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.7 கிலோ. வகுத்துப் பார்த்தால், டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 350 சதுர சென்டிமீட்டர்தான் வருகிறது. ஏ4 தாளில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த அரைத் தாளில்தான் பிரேக் பிடிக்கிறது, வளைவில் வண்டி நிற்கிறது.

காற்று குறைந்தால் அந்தத் தடம் பெரிதாகும். பெரிதானால் நல்லதுதானே என்று தோன்றும். அதற்காக டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர வேண்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைந்த இடம் கையைச் சுடுமே, அதே கதைதான். லாரி டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய முந்நூறு முறை சுற்றுகிறது. நாமக்கல்லிலிருந்து சேலம் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு டயரும் பதினைந்தாயிரம் முறைக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. சூடு ஏறுகிறது. ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. மேல்பட்டை உரிந்து சாலையில் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பார்த்ததும் “ரீட்ரேட் சரியில்லை” என்று பட்டறைக்காரர் தலையில் பழியைப் போடுவது வழக்கம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் புது டயரும் அப்படித்தான் உரியும், காற்று குறைவாக ஓடினால்.

இனி எவ்வளவு காற்று என்ற கேள்விக்கு வருவோம். விடை பஞ்சர் கடையில் இல்லை, எடை மேடையில் இருக்கிறது.

டயரின் பக்கச் சுவரில் ‘146/143 கே’ என்பது போல ஒரு குறி இருக்கும். 10.00 ஆர் 20 என்ற லாரி டயரில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியது இது. 146 என்றால் ஒற்றை டயராக ஓடும்போது 3,000 கிலோ. 143 என்றால் உள் டயர், வெளி டயர் என்று ஜோடியாக ஓடும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ. ‘கே’ என்றால் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் வரை. இந்தச் சுமையை அந்த டயர் சுமப்பது, அதற்கென்று குறித்த முழு அழுத்தத்தில் காற்று இருக்கும்போது மட்டும்தான். காற்று குறையக் குறைய, சுமக்கும் திறனும் குறையும். எந்தச் சுமைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை ஒவ்வொரு டயர் கம்பெனியிடமும் இருக்கிறது. டீலரிடம் கேட்டால் கிடைக்கும். கேட்பவர்தான் குறைவு.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன் என்று இருந்தது 11.5 டன் ஆனது. இரட்டை அச்சுக்கு 19 டன் 21 ஆனது. லாரிக்காரர்கள் பலருக்கும் அது நல்ல செய்தி. ஆனால் மேலே சொன்ன டயரை வைத்து ஒரு பெருக்கல் போடுங்கள். 2,725 கிலோ, நான்கு டயர், மொத்தம் 10,900 கிலோ. பழைய 10.2 டன்னுக்குத் தாராளம். புதிய 11.5 டன்னுக்கு 600 கிலோ குறைவு. சட்டத்தின் வரம்பு உயர்ந்தது, டயர் அதே டயர்தான். 148 என்று குறித்த டயராக இருந்தால் ஜோடியில் ஒன்றுக்கு 3,150 கிலோ, நான்குக்கு 12,600. அது போதும். ஆக, ஆர்.சி. புத்தகத்தில் எவ்வளவு எடை அனுமதித்திருக்கிறது என்பது ஒரு எல்லை, டயரில் என்ன எண் எழுதியிருக்கிறது என்பது இன்னொரு எல்லை. இரண்டில் எது சின்னதோ அதுதான் அந்த வண்டியின் எல்லை.

லாரியை விடவும் கவனம் இல்லாமல் ஓடுவது இழுவை வண்டிதான். சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு சீசனில் பாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர், டிரெய்லர் நிறையக் கிழங்கு, ஜவ்வரிசி ஆலை வாசலில் வரிசை. மோகனூர் சர்க்கரை ஆலைப் பக்கம் போனால் அதே டிரெய்லரில் கரும்பு. வெளிநாட்டில் காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களே, அவர்களுக்கு இருக்கும் அதே பிரச்சினைதான் நம் மரவள்ளி விவசாயிக்கும். இழுக்கிற வண்டியின் டயர் ஒரு ஜாதி, இழுபடுகிற வண்டியின் டயர் வேறு ஜாதி. வயலில் உழும்போது டிராக்டரின் பெரிய பின் டயருக்கு 12, 14 பிஎஸ்ஐ போதும். அதில் தண்ணீர் அடைத்து ஓட்டுபவர்களும் உண்டு. பின்னால் வரும் டிரெய்லரின் சின்ன டயருக்கு அதைப் போலப் பல மடங்கு தேவை. பெரிய டயருக்குப் பெரிய அழுத்தம், சின்னதுக்குச் சின்னது என்று கண் போடும் கணக்கு இங்கே தலைகீழ்.

இன்னொன்றும் இருக்கிறது. டிராக்டருக்கு டிரைவர் இருக்கிறார். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் கையில் தெரியும். டிரெய்லரில் உட்கார யாரும் இல்லை. ஒரு டயரில் பாதிக் காற்று போனாலும் முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. பின்னால் வரும் பைக்காரர் கத்திச் சொன்னால்தான் உண்டு. போதாததற்கு, லாரியில் ஓடித் தேய்ந்து கழித்த டயரைத்தான் பல இடங்களில் டிரெய்லருக்கு மாட்டுகிறார்கள். நாலு கிலோமீட்டர்தானே, ஆலை வரைக்கும்தானே என்ற சமாதானம்.

ஆலையில் கிழங்குக்கு ‘பாயிண்ட்’ பார்ப்பார்கள். மாவுச்சத்து எவ்வளவு என்று அளந்துதான் விலை. எடை மேடையிலும் வண்டி ஏறத்தான் செய்கிறது. அதே மேடையில் இன்னும் இரண்டு நிமிடம் செலவழித்தால் டயர் கணக்கும் கிடைத்துவிடும். முழுப் பாரத்தோடு, டிராக்டரை மேடையை விட்டு முன்னால் இறக்கிவிட்டு, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு எடை. இரண்டு டயர் ஒற்றை அச்சு டிரெய்லர் என்றும், மேடை 6,000 கிலோ காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டயர் மேல் 3,000 கிலோ. டயரில் இருக்கும் எண் 140 என்றால் அது சுமக்கக்கூடியது 2,500 கிலோதான். மெதுவாகப் போகும் வண்டிக்கு டயர் கம்பெனி அட்டவணையில் கொஞ்சம் சலுகை இருக்கலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சலுகைக்கும் மேல் போனால் காற்றைக் கூட்டிச் சமாளிக்க முடியாது. எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்துக்கு மேல் காற்று வைத்தால் டயர் பெரிதாகிவிடாது, ரிம்முக்கும் டயருக்கும்தான் ஆபத்து. கிழங்கைக் குறைக்க வேண்டும், அல்லது டயரை மாற்ற வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

காரில் போகிறவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். காரில் டயர் மேல் எழுதியிருக்கும் உச்ச எண்ணைப் பார்த்துக் காற்று வைக்கக் கூடாது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்தான் சரி. பெரும்பாலான தாள்களில் இரண்டு வரிசை இருக்கும், ஒன்று இரண்டு மூன்று பேர் போகும்போது, இன்னொன்று ஆள் நிறைந்து மூட்டையும் ஏற்றும்போது. பழனிக்கும் சபரிமலைக்கும் ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்து, மேலே கேரியரில் பையைக் கட்டிக்கொண்டு போகும்போது முதல் வரிசைக் காற்றோடே போவதுதான் வழக்கம். முழுப் பாரத்தோடு ஓடும் இழுவை வண்டிக்கு அந்தத் தாள் பெரும்பாலும் இருக்காது. அங்கே எடை மேடையும் டயரின் எண்ணும்தான் வழிகாட்டி. டயரின் எல்லைக்குப் பக்கத்தில் சுமை இருந்தால், அழுத்தமும் அதன் உச்சத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

“வெயில் காலத்துல காத்து கொஞ்சம் கம்மியா வெய்யி, இல்லீனா வெடிச்சுப்போகும்” என்பது இந்தப் பக்கம் எல்லாப் பஞ்சர் கடையிலும் கேட்கும் அறிவுரை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சேலத்தில் ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தார்ச் சாலை அதைவிடக் கொதிக்கும். சூட்டில் காற்று விரியும். ஆனால் எவ்வளவு விரியும்? 110 பிஎஸ்ஐ வைத்த லாரி டயரில் பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ கூடும். காரில் 35 வைத்திருந்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். இது டயரைத் தயாரித்தவருக்குத் தெரியாத ரகசியம் அல்ல. டயர் ஆறியிருக்கும்போது வைக்க வேண்டிய எண்ணைத்தான் அவர் சொல்கிறார், ஓடிச் சூடானபின் ஏறுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சொல்கிறார். வெயிலுக்குப் பயந்து பத்து, பதினைந்து பிஎஸ்ஐ குறைத்தால் டயர் அதிகம் மடங்கி, தவிர்க்க நினைத்த சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

அதனால்தான் காற்றைக் காலையில், வண்டி கிளம்பும் முன் பார்க்கச் சொல்கிறார்கள். குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். பாதி வழியில் டீக்கடையில் நிறுத்தி கேஜ் வைத்தால் 110 வைத்த டயர் 120, 122 என்று காட்டும். அது இயல்பு. “ஏறிப்போச்சு” என்று பிடுங்கிவிட்டால், ராத்திரி ஆறியதும் 98இல் நிற்கும். மறுநாள் காலை அப்படியே கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அதிலிருந்து காற்றைப் பிடுங்காமல், ஏன் சுடுகிறது என்று பார்க்க வேண்டும். ஜோடி டயரில் ஒன்றில் காற்று குறைந்தால் பக்கத்து டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமக்கும். பெரும்பாலும் குறைவது உள் டயர், கை எட்டாததால் பார்க்காமல் விடப்படுவது. ஸ்பேனரால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்க்கும் வித்தை, முழுக்கத் தட்டையான டயரைக் காட்டிக்கொடுக்கும். 110க்கும் 85க்கும் வித்தியாசம் அந்தச் சத்தத்தில் தெரியாது. எவ்வளவு அனுபவமுள்ள கையாக இருந்தாலும் சரி.

சில பிஎஸ்ஐ வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்தது ஒன்று. ஃபோர்டு கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய காரில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் மாட்டி வந்தன. ஓடும்போதே மேல்பட்டை பிரிந்து, வண்டிகள் உருண்டு கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 270 பேருக்கு மேல் இறந்ததாக அந்நாட்டு அரசு கணக்கெடுத்தது. டயர் தயாரிப்பில் குறை என்றது ஃபோர்டு, வண்டியில் குறை என்றது ஃபயர்ஸ்டோன். அந்தச் சண்டையின் நடுவில் நின்றது ஒரு சின்ன எண். ஃபோர்டு சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ, ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. காரணம் காற்று மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சூடான ஊர்களில், வேகமாக, பாரத்தோடு ஓடிய வண்டிகளில்தான் டயர்கள் அதிகம் பிரிந்தன. அந்த நிகழ்வுக்குப் பிறகு போட்ட சட்டத்தால்தான், டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் வசதி அங்கே எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. இன்று நம் ஊர்க் கார்கள் சிலவற்றில் எரியும் அந்த மஞ்சள் விளக்கின் கதை அங்கே தொடங்குகிறது. எரிந்தால் “சென்சார் கோளாறு” என்று விட்டுவிடாதீர்கள்.

லாபக் கணக்கில் பார்த்தாலும் இதேதான். ஒரு லாரி டயரை ரீட்ரேட் செய்து மறுபடியும் ஓட்ட முடியுமா என்பது அதன் கேசிங் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்று குறைவாக ஓடி உள்ளே வெந்துபோன கேசிங் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். பட்டறையில் பரிசோதிக்கும்போதுதான் கழித்துப் போடுவார்கள். மறுபக்கம், தேவைக்கு மேல் காற்று வைத்து ஓட்டினால் நடுப்பட்டை மட்டும் தேயும், பள்ளத்தில் வண்டி குதிக்கும். கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போகிறவருக்கு இது டயர் நஷ்டம் மட்டுமல்ல, உடைந்த முட்டை நஷ்டமும் கூட.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் நிலைமை இன்னும் தனி. மற்ற லாரிகள் ஒரு நடை பாரத்தோடு போனால் ஒரு நடை காலியாக வரும். ரிக்கின் பாரம் இறங்குவதே இல்லை. இயந்திரமே பாரம். கூடவே குழாய் வண்டி, அடுப்பு, அரிசி, துணி மூட்டை. பையன்கள் மாதக்கணக்கில் மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் அந்த வண்டியோடேதான் குடித்தனம். துளை போடும்போது ஜாக்கியில் வண்டி தூக்கி நிற்பதால் டயருக்கு ஓய்வு. மழைக்காலத்தில் வேலையில்லாமல் வாரக்கணக்கில் அதே இடத்தில் டயர் மேலேயே நிற்கும்போதுதான் வம்பு. காற்று மெல்லக் கசியும், ரப்பர் வெயிலில் வெடிக்கும், பட்டை தேயாததால் டயர் புதிது போலவே தெரியும். பக்கச் சுவரில் கடைசியாக இருக்கும் நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நீண்ட நாள் நின்ற வண்டியை எடுக்கும்போது காற்றோடு இந்த வயதையும் பார்ப்பது நல்லது. ரிக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போர் போடும் கம்ப்ரசரின் அழுத்தம் டயருக்குத் தேவையானதைவிட மிக அதிகம். ‘கம்ப்ரசர்தான் இருக்கே’ என்று அதிலிருந்து நேராக டயருக்குக் குழாய் போடக் கூடாது. லாரியின் ஏர் பிரேக் டேங்கிலிருந்து பிடிக்கும் பழைய பழக்கம் அதைவிட எவ்வளவோ தேவலை.

இதில் அதிகம் ஆபத்தில் இருப்பவர் டிரைவர் அல்ல, ஹோஸ் பிடித்து நிற்கும் அந்தக் கடைப் பையன். டியூப் போட்ட லாரி டயர்களில் ரிம்மைப் பிடித்து வைக்க ஒரு இரும்பு ரிங் இருக்கும். அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால், குண்டு மாதிரி பறந்து வரும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் பிழைப்பது அரிது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி இதற்கென்றே ஒரு கோடு போட்டிருக்கிறது. இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதத்துக்குக் கீழே ஓடிவந்த டயர் என்றால், வண்டியில் இருக்கும்போதே மேலும் காற்றை ஏற்றக் கூடாது. வால்வு ஊசியைக் கழற்றி, இருக்கும் காற்றை முழுக்க இறக்கி, பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். 110க்கு 80 சதவீதம் என்றால் 88. கழற்றிய டயரை உள்ளே பார்த்து, ரிங் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான ஹோஸில், ஒதுங்கி நின்று காற்று ஏற்ற வேண்டும். கூண்டு இல்லாத கடைதான் நம் சாலையில் அதிகம். ஒரு கூண்டைச் செய்ய நாமக்கல்லில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? லாரிக்கே பாடி கட்டும் ஊர் அது.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, மாலை போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். பழம் வைக்கக் குனியும் அதே நேரத்தில் வால்வு மூடியைத் திறந்து கேஜையும் வைத்துப் பார்த்துவிடலாம். உள் டயரிலும் ஸ்டெப்னியிலும்தான் முதலில்.